நீர்மட்டத்துக்கு உட்பட்டு

எங்கள் நீதிமன்றத்துக்கு வாசற்படி கிடையாது.
ஒரு பலகை இருக்கிறது. நீட்டினால் கரை,
இழுத்துக்கொண்டால் ஆறு.
அமேசான் கடலில் கை கழுவும் இடத்தில்
ஆண்டுக்கு ஆறு பயணம் என்று தாளில் எழுதியிருக்கும்.
இந்த ஆண்டு இதுதான் இரண்டாவது.
நான் எழுத்தர், எவந்த்ரோ.
ஜெனரேட்டர், அச்சு எந்திரம், முத்திரை,
ஈரம் படாத நான்கு கட்டுத் தாள்
என் பொறுப்பு.
நீதி என் பொறுப்பு அல்ல.

நீதிபதி லுசினெய்ஜிக்குப் படகு ஒத்துக்கொள்ளாது.
எலுமிச்சைத் துண்டை முகர்ந்துகொண்டே
சாட்சி கேட்பார்.

முதல் மனு, குழந்தைக்குத் தகப்பன் பெயர்.
எழுதிக் கொடுத்தபோது அது வயிற்றில் இருந்தது.
இப்போது மேசைக்கடியில் உட்கார்ந்து
அழைப்பாணையின் ஓரத்தைத் தின்கிறது.
"தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்" என்றார் நீதிபதி,
தாயிடம் அல்ல,
மேசைக்கடியில் குனிந்து.
இதையும் குறிப்பில் சேர்க்கவா என்றேன்.
சேர் என்றார்.

அடுத்தது எருமை.
அது மேய்ந்த அசாயிக் கன்றுகள் நாற்பத்தொன்று என்றாள் ஜசீரா.
முப்பது என்றான் எருமைக்காரன்.
பதினோரு கன்றுக்காக
இரண்டு வீடும் ஒன்பது மாதம்
ஒரே துறையில் முகம் பார்க்காமல் தண்ணீர் மொண்டிருக்கின்றன.
நடுவில் ஓர் எண்ணை எழுதிவிடலாம்,
யாரும் கேட்கமாட்டார்கள், நானாக இருந்தால் எழுதியிருப்பேன்.
ஓதம் இறங்குகிறது என்றான் படகோட்டி.
ஆற்றுக்கு வாய்தா என்றால் என்னவென்று தெரியாது.
நீதிபதி செருப்பைக் கழற்றினார்.
முழங்கால் சேற்றில் போய்
கன்றுக்குக் கன்று ஊன்றியிருந்த குச்சிகளை
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணித் திரும்பினார்.
முப்பத்தெட்டு.

அதற்குள் படகு தரை தட்டிவிட்டது.
ஒரு பக்கம் சாயாத நீதிமன்றம் வேண்டுமென்று
கேட்காத நாடில்லை.
எங்களுடையது இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது.
பேனாக்கள் உருண்டன, கோப்புகள் சரிந்தன,
தண்ணீர்க் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு
மூன்றாவது வழக்கைப் படித்தேன்.

ஒதோரிகோ. ஆற்றோரம் நிலம்.
"கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தின்றுவிட்டது அம்மா.
தின்றதை எதிர்க்கரையில் கக்கியிருக்கிறது.
அங்கே ஒருவன் வேலி போட்டிருக்கிறான்.
என் மண் அது. நிறம் தெரியும் எனக்கு."
மெல்லச் சேர்ந்த மண்
சேர்ந்த கரைக்கே சொந்தம் என்கிறது சட்டம்.
நீதிபதி அதைச் சட்டத்தின் மொழியில் ஒரு முறை சொன்னார்.
அவர் முகம் மாறவில்லை.
பிறகு தூண்டில், வலை, பக்கத்து வீட்டுக்காரன் என்று
அவர் மொழியில் ஒரு முறை.
"ஆற்றின்மேல் வழக்குப் போட வழியில்லையா?"
"இல்லை ஐயா."
வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதற்கு முன்னும் தோற்றிருக்கிறேன்.
ஏனென்று யாரும் சொன்னதில்லை" என்று எழுந்து போனார்.

இருட்டிய பின் மூன்று மீனோடு திரும்பி வந்தார்.
சேற்றில் மாட்டிய மனிதர்களுக்குப் பசிக்காதா என்றார்.
வாங்கக் கூடாது என்றார் நீதிபதி.
தோற்றவன் கொடுப்பது லஞ்சமா? சிரித்தார் அவர்.
மேல்முறையீடு இருக்கிறதே என்றார் இவர், சிரிக்காமல்.
கடைசியில் இருபத்திரண்டு ரெயாய்ஸ் விலை,
ரசீது கட்டாயம்.
நான் எழுதினேன். அவருக்கு எழுத்து வராது,
கட்டைவிரலைப் பதித்தார்.
தனக்கும் ஒரு பிரதி வேண்டும், முத்திரையோடு.
மீன் ரசீதில் நீதிமன்ற முத்திரை வைக்க
எந்த விதியிலும் இடமில்லை.
விளக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார் நீதிபதி,
எலுமிச்சையை மீனுக்குப் பிழியப் போனார்.
வைத்துவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு
படகு தன் எடையை மறந்து மெல்ல நிமிர்ந்தது.
பேனாக்கள் வந்த வழியே உருண்டு வந்தன.
பலகையை இழுத்துக்கொண்டோம்.
குறிப்பேட்டின் கடைசி வரி,
'அடுத்த அமர்வு' என்று எழுதி
தேதிக்கு இடம் விட்டேன்.
பக்கத்தில் வழக்கம்போல,
நீர்மட்டத்துக்கு உட்பட்டு.